பூட்டை ஒளிப்பதும் சாவியை ஒளிப்பதும்

மதுரை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வாட்ஸாப்பில் நீ கொட்டியிருந்ததைப் படித்தேன். இவ்வளவு நீளமான சங்கதிக்குக் கைப்பேசியில் தட்டித் தட்டிப் பதில் எழுத எனக்குப் பொறுமை இல்லை. அதனால் இந்தக் கடிதம். ஆற அமரப் படி.

நடந்ததை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். உங்கள் குழுவில் ஒருவர், சர்வருக்குள் நுழைகிற எஸ்.எஸ்.எச். வழியை வழக்கமான 22-ஆம் போர்ட்டிலிருந்து வேறு எண்ணுக்கு மாற்றிவிடலாம் என்றார். நீ உடனே, "அது வெறும் செக்யூரிட்டி த்ரூ அப்ஸ்க்யூரிட்டி", அதாவது ஒளித்து வைப்பதையே பாதுகாப்பாக நம்புவது, என்று வெட்டிவிட்டாய். அந்த ஒரு சொல்லுக்குக் கூட்டமே அடங்கிப்போனது. அப்புறம் உங்கள் மேலாளர், "அப்படிப் பார்த்தால் பாஸ்வேர்டை ஒளித்து வைப்பதும் அதே கதைதானே?" என்று கேட்டிருக்கிறார். உன்னிடம் பதில் இல்லை. "பேங்க்ல சாவியோடவே காலம் தள்ளினவர் நீங்க, சொல்லுங்க மாமா" என்று என் தலையில் கட்டிவிட்டாய்.

கட்டியது கட்டினாய், சாவியிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் கிளையில் ஸ்ட்ராங் ரூம் எங்கே இருக்கிறது என்பது லாக்கர் வைத்திருந்த எல்லாருக்கும் தெரியும். கதவைச் செய்தது யார் என்று கதவிலேயே பொறித்திருக்கும். காலையில் எப்போது திறப்போம், மாலையில் எப்போது பூட்டுவோம் என்பது எதிரே இருந்த டீக்கடைக்காரருக்கு அத்துப்படி. இரண்டு அதிகாரிகள் தங்கள் தங்கள் சாவியோடு சேர்ந்து நின்றால்தான் திறக்கும் என்பதும் ரகசியமில்லை. ஜாயின்ட் கஸ்டடி என்று அதற்குப் பெயர், எல்லா வங்கியிலும் உண்டு. இத்தனையும் தெரிந்த திருடனுக்குத் தெரியாத ஒன்று, அந்த இரண்டு சாவிகளின் பல் எப்படி வெட்டப்பட்டிருக்கிறது என்பது.

சரி, சாவி ஒன்று தொலைந்துவிட்டால்? மேலிடத்துக்குத் தகவல் போகும், பூட்டு மாறும், பதிவேட்டில் ஏறும். டூப்ளிகேட் சாவிகள் அரக்கு முத்திரை வைத்த உறைக்குள் வேறொரு கிளையில் தூங்கும்; அவற்றையும் அவ்வப்போது எடுத்துப் புழக்கத்துக்குக் கொண்டுவந்து, இங்கே புழங்கியவற்றை அங்கே அனுப்புவோம். ஒருவர் லாக்கரை ஒப்படைத்துவிட்டுப் போனால் அதன் பூட்டை இன்னொரு பூட்டோடு இடம் மாற்றாமல் அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது. ரிசர்வ் வங்கியின் விதியிலேயே இருக்கிறது. பழைய ஆள் நகல் அடித்து வைத்திருக்கலாம் என்ற சந்தேகம்தான் அந்த விதியைப் பெற்ற தாய். ஆனால் பார், அந்த ஆளுக்கு எங்கள் அறையின் அமைப்பு முழுக்கத் தெரியும் என்பதற்காகக் கட்டடத்தை இடித்துக் கட்டச் சொல்லி எந்தச் சுற்றறிக்கையும் வந்ததில்லை.

உன் மேலாளருக்கான பதில் இதற்குள்ளேயே கிடக்கிறது. பாஸ்வேர்டு என்பது சாவி. வெளியே கசிந்தால் டீ ஆறுவதற்குள் மாற்றிவிடலாம். உன்னுடையது போனால் பக்கத்து நாற்காலிக்காரருக்குச் சேதமில்லை. அதை ஊகிக்க எத்தனை முயற்சி தேவைப்படும் என்று கணக்குப் போடலாம். ஓர் ஏற்பாட்டின் அமைப்பு அப்படிப்பட்டதில்லை. அதை வரைந்தவர், எழுதியவர், பழுது பார்த்தவர், பாதியில் வேலையை விட்டுப் போனவர், வாங்கிப் பிரித்துப் பார்த்தவர் என்று ஆளாளுக்குத் தெரியும். வெளியே போனால் பயன்படுத்துகிற அத்தனை பேருக்கும் ஒரே நாளில் போகும். மாற்றுவதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். அமைப்பு யாருக்கும் தெரியாது என்கிற ஒன்றையே காவலாக நம்பிப் படுத்துத் தூங்குகிறவர்களைத் திட்டுவதற்காகப் பிறந்ததுதான் நீ வீசிய அந்தச் சொற்றொடர். அதை எடுத்து, எதையாவது மறைத்து வைக்கிற எல்லார் மேலும் வீசுகிறார்கள். நீ வீசியது ஒரு பக்கம், உன் மேலாளர் திருப்பி வீசியது இன்னொரு பக்கம்.

இந்த வேறுபாட்டைச் சுத்தமாக எழுதி வைத்தவர் அகுஸ்த் கெர்க்காஃப்ஸ். நெதர்லாந்தில் பிறந்தவர், பாரிஸில் ஜெர்மன் மொழி கற்பித்த வாத்தியார். 1883-இல் பிரான்ஸின் ராணுவ அறிவியல் இதழ் ஒன்றில் போர்க்களச் சங்கேதத்தைப் பற்றி இரண்டு பகுதியாக எழுதினார். பிரஷ்யாவிடம் பிரான்ஸ் தோற்றுப் பன்னிரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. தந்தி வந்துவிட்ட காலம். முன்பெல்லாம் அரசருக்கும் தூதருக்கும் இடையில் இருந்த சங்கேதம் இப்போது ஒவ்வொரு படைப்பிரிவின் கைக்கும் போகிறது. எத்தனை பேர் பிடிபடுவார்கள், எத்தனை பேர் விலை போவார்கள்? அதனால் ஆறு நிபந்தனைகள் சொன்னார். இரண்டாவதுதான் இன்று அவர் பெயரால் வழங்குகிறது: ஏற்பாடு எதிரியின் கையில் அப்படியே சிக்கினாலும் தொல்லை வரக் கூடாது. மூன்றாவதில், சாவியைத் தாளில் எழுதாமல் நினைவில் வைக்க முடிய வேண்டும், வேண்டும்போது மாற்றவும் முடிய வேண்டும் என்றார். ஆறாவது எனக்கு ரொம்பப் பிடித்தது: பயன்படுத்துகிறவனின் மூளையைக் கசக்கக் கூடாது. உங்கள் ஆட்கள் இரண்டாவதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு ஆறாவதை மறந்துவிட்டார்கள். இல்லாவிட்டால் முப்பது நாளைக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி உயிரை எடுப்பார்களா?

பிறகு 1949-இல் கிளாட் ஷானன், எதிரிக்கு ஏற்பாடு தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் கணக்கையே தொடங்க வேண்டும் என்று இதைக் கணிதத்தின் வாசலில் நிறுத்திவிட்டார்.

இந்தச் சொற்றொடரைப் பேசுகிறவர்கள் கையோடு ஒரு பூட்டுக் கதையையும் சொல்வார்கள். நீயும் எங்காவது கேட்டிருப்பாய். ஆனால் பாதிப்பேர் அதிலிருந்து தப்பான பாடத்தை எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்பது என் கட்சி. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1851-இல் லண்டன் ஹைட் பார்க்கில் கண்ணாடி மாளிகை கட்டி உலகப் பொருட்காட்சி நடத்தினார்கள். ஆல்ஃப்ரெட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் நியூயார்க் நிறுவனம் ஒன்றின் பூட்டுகளைக் காட்சிக்கு வைக்க வந்திருந்தார். அப்போது இங்கிலாந்தில் இரண்டு பூட்டுகளுக்குத்தான் பெருமை. ஒன்று சப் நிறுவனத்தின் டிடெக்டர் பூட்டு. 1817-இல் போர்ட்ஸ்மவுத் கப்பல் துறையில் கள்ளச் சாவி போட்டுத் திருடிவிட்டார்கள். எந்தக் கள்ளச் சாவிக்கும் மசியாத பூட்டைச் செய்பவருக்குப் பரிசு என்று அரசு அறிவிக்க, ஜெரமயா சப் 1818-இல் செய்து காட்டியது அது. தவறான சாவியோ கம்பியோ உள்ளே போய் லீவரை அளவுக்கு மேல் தூக்கினால் பூட்டு இறுகிக்கொள்ளும். பிறகு சொந்தக்காரர் தன் சாவியைப் போடும்போது, யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று காட்டிக்கொடுத்துவிடும். உன் கணினி மொழியில் சொன்னால் ஊடுருவலைக் கண்டுபிடிக்கிற ஏற்பாடு, இரும்பில்.

இரண்டாவது ஜோசஃப் பிராமாவின் பூட்டு, 1784-இல் காப்புரிமை பெற்றது. 1790 முதல் லண்டன் பிக்காடிலியில் இருந்த அவர்கள் கடையின் கண்ணாடிச் சாளரத்தில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டு, இதைத் திறக்கும் கருவியைச் செய்கிறவருக்கு 200 கினி என்று எழுதி வைத்திருந்தார்கள். அறுபது ஆண்டுகளாக அது யாருக்கும் மசியவில்லை.

ஹாப்ஸ் முதலில் சப் பூட்டைச் சாட்சிகளின் முன்னால் சுமார் 25 நிமிடத்தில் திறந்தார். எப்படி? அந்தக் காட்டிக்கொடுக்கும் அமைப்பையே துப்பாக வைத்துக்கொண்டு. எந்த லீவர் எவ்வளவு உயரத்தில் இறுகுகிறது என்று அது இவருக்கே சொல்லிக்கொடுத்துவிட்டது. திறந்ததோடு விடாமல், யாரும் தொட்ட அடையாளமே இல்லாமல் திரும்பவும் பூட்டிக் காட்டினார். அப்புறம் பிராமா. கருவிகளைப் பூட்டோடு பொருத்திக்கொண்டு 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்துத் திறந்தார். பிராமா தரப்பு, எந்தத் திருடன் இப்படி ஆற அமர உட்கார்ந்து வேலை செய்வான் என்று முணுமுணுத்தது. நடுவர்கள் ஹாப்ஸ் பக்கம். 200 கினி கைமாறியது.

ஊரெல்லாம் ஒரே கொந்தளிப்பு. நம்பிப் படுத்திருந்த பூட்டுகள் பொய்யாகிவிட்டன. அதைவிடப் பெரிய சண்டை, இதையெல்லாம் வெளியே சொல்லலாமா என்பதுதான். திருடனுக்கு வகுப்பு எடுக்கிற மாதிரி ஆகாதா? 1853-இல் ஹாப்ஸின் பேச்சுகளையும் குறிப்புகளையும் தொகுத்துப் பூட்டுகளைப் பற்றி ஒரு நூல் வந்தது. அதில் இதற்கு நேரடியாகப் பதில் இருக்கிறது: தொழில் திருடர்கள் பூட்டின் பலவீனத்தை நமக்கு முன்பே கற்றுத் தேர்ந்துவிடுகிறார்கள், தெரியாமல் இருப்பது காசு கொடுத்து வாங்குகிற நல்லவருக்குத்தான். ஹாப்ஸ் இதைத் தர்மத்துக்குச் செய்தார் என்று நினைத்துவிடாதே. கடை விரிக்க வந்த வியாபாரி. லண்டனிலேயே தங்கிச் சொந்தமாகப் பூட்டுத் தொழிற்சாலை போட்டார். அவருடைய பூட்டையும் பின்னால் வேறொருவர் திறந்தார் என்பது தனிக்கதை.

இதைச் சொல்லிவிட்டு, "பார்த்தாயா, மறைத்து வைத்த பாதுகாப்பு எப்படிச் சரிந்தது" என்று முடிப்பார்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. சப், பிராமா இரண்டும் காப்புரிமை பெற்ற பூட்டுகள். காப்புரிமை என்றாலே படம் போட்டு அமைப்பை விளக்கிப் பதிவு செய்தது என்று பொருள். பிராமா ஒரு படி மேலே போய்த் தெருவில் போகிற வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுச் சவால் விட்டவர். அமைப்பை அவர்கள் ஒளிக்கவே இல்லை. ஊர் ஒளிக்கச் சொன்னது பலவீனத்தை. இரண்டும் வேறு. என்னைக் கேட்டால் பிராமா தோற்றதாகவே நான் சொல்லமாட்டேன். தன் பூட்டின் விலை என்ன என்று அவர் நிறுவனத்துக்குத் தெரிந்துவிட்டது: கைதேர்ந்த ஒரு நிபுணன், தடை சொல்ல ஆளில்லாமல், 51 மணி நேரம். எந்தத் திருடனுக்கு அவ்வளவு நேரம் வாய்க்கும்? அளந்து தெரிந்த வலிமை அது.

அளக்காத வலிமைக்குக் கதை வேண்டுமானால், நீ பிறந்த பிறகு நடந்ததே இருக்கிறது. மைஃபேர் கிளாசிக் என்றொரு சில்லு. 1994-இல் சந்தைக்கு வந்தது. லண்டனின் ஆய்ஸ்டர் அட்டை, நெதர்லாந்தின் போக்குவரத்து அட்டை, எத்தனையோ அலுவலகங்களின் கதவு அட்டை என்று கோடிக்கணக்கில் போனது. உள்ளே ஓடிய கிரிப்டோ-1 என்ற சங்கேத முறையை வெளியிடவே இல்லை. 2007 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஒரு மாநாட்டில் கார்ஸ்டன் நோல், ஹென்ரிக் ப்ளோட்ஸ் என்ற இரண்டு பேர், சில்லை அடுக்கடுக்காகத் தேய்த்து, நுண்ணோக்கியில் படம் எடுத்து, உள்ளே இருந்த சுற்றை மறுபடி வரைந்துவிட்டதாகக் காட்டினார்கள். 2008-இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகக் குழு ஒன்று இன்னொரு வழியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. கதவைத் திறந்து பார்த்தால் உள்ளே என்ன இருந்தது தெரியுமா? 48 பிட் சாவி, அதையும் கெடுக்கிற அளவுக்குப் பலவீனமான தற்செயல் எண். பொதுவில் வைத்திருந்தால் முதல் மாதத்திலேயே யாராவது சிரித்திருப்பார்கள். தயாரித்த நிறுவனம் ராட்பவுட் குழுவின் கட்டுரையைத் தடுக்க நீதிமன்றம் போனது. ஆர்னெமில் இருந்த நீதிமன்றம் மறுத்துவிட்டது. சேதம் சில்லின் குறையால் வருகிறது, கட்டுரையால் வரவில்லை என்ற போக்கில் தீர்ப்பு. நூற்றைம்பது ஆண்டு கழித்து ஹாப்ஸின் வாதம் நீதிபதி வாயால் வந்த மாதிரி இருந்தது எனக்கு.

இன்னும் புதிது வேண்டுமா? டெட்ரா என்ற வானொலி முறை. பல நாடுகளில் காவல்துறை வைத்திருக்கிறது. அதன் சங்கேத முறைகளும் கால் நூற்றாண்டு பூட்டியே கிடந்தன. 2023-இல் டச்சு ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தபோது, அவற்றில் ஒன்றில் 80 பிட் என்று சொல்லப்பட்ட சாவி உள்ளே போய் 32 பிட்டாகச் சுருங்கியிருந்தது. சாதாரண மடிக்கணினிக்கு அது ஒரு கொறிப்பு. அதே ஆண்டு டெட்ராவின் தரத்தை வகுத்த அமைப்பே, இனி இவற்றை வெளியிட்டுவிடுவோம் என்று முடிவெடுத்தது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில், அமைப்பை ஒளிக்காமல் திறந்து வைத்த ஏ.இ.எஸ். என்ற சங்கேத முறை. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 1997-இல் உலகத்தையே கூப்பிட்டது. 15 முறைகள் வந்தன, எல்லாரும் எல்லாருடையதையும் கிழித்துப் பார்த்தார்கள், ஐந்து மிஞ்சின, 2000-இல் இரண்டு பெல்ஜியர்களின் ரைன்டால் தேர்ந்தது, 2001-இல் தரமானது. நீ இன்று வாட்ஸாப்பில் என்னைத் திட்டினாலும் அதுதான் பொதிந்து அனுப்புகிறது. பள்ளிப் பிள்ளைகூட அதன் முழு அமைப்பையும் படிக்கலாம்.

ஆனால் ஒன்று. திறந்து வைத்தாலே கெட்டியாகிவிடும் என்று நீ கிளம்பிவிடாதே; உங்கள் வட்டத்தில் அந்த வியாதியும் உண்டு. ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற பாதுகாப்பு நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். 2012-இல் அதற்குள் புகுந்த ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை 2014 ஏப்ரல் வரை உலகத்தின் கண்முன்னே கிடந்தது. படிக்கலாம் என்பதற்கும் படித்தார்கள் என்பதற்கும் நடுவே ஆள் சம்பளம் என்று ஒன்று இருக்கிறது. பிராமாவின் சாளரத்துக்கும் ஒரு ஹாப்ஸ் வருவதற்கு அறுபது ஆண்டு ஆனது, நினைத்துப் பார்.

இனி உன் விஷயம்.

உன் சக ஊழியர் சொன்னது எது என்று முதலில் கேட்டாயா? எல்லா உரிமையும் உள்ள ரூட் கணக்குக்கு ஒரு பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு, 22-ஐ வேறு எண்ணாக்கிவிட்டால் யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள் என்று சொன்னாரா? அப்படியானால் நீ வீசிய சொல் குறி தப்பவில்லை. மொத்தம் 65,535 போர்ட்தான் இருக்கிறது. குறி வைத்து வருகிறவன் ஒரே ஒரு கணினியின் எல்லாப் போர்ட்டையும் தட்டிப் பார்ப்பது பெரிய வேலையே இல்லை. ஆனால், பாஸ்வேர்டு நுழைவை அடைத்துவிட்டோம், சாவி ஜோடி இருந்தால்தான் உள்ளே விடும், அதற்கு மேல் போர்ட்டையும் மாற்றலாம் என்று சொன்னாரா? அப்போது பாரம் முழுக்கச் சாவியின் மேல் நிற்கிறது. போர்ட் மாற்றம் அதைத் தொடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு 22-ஐ மட்டும் நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருக்கும் இயந்திரங்கள் உங்களைத் தாண்டிப் போய்விடும், பதிவேட்டில் குப்பை குறையும், நிஜமாகவே ஒருவன் தட்டினால் கண்ணில் படும். இது ஒரு சின்ன வசதி. வலிமை என்று பேர் சூட்டாத வரைக்கும் அதைத் திட்ட வேண்டியதில்லை.

எதிர்க்க வேண்டுமென்றால் அதற்கும் காரணம் இல்லாமலில்லை. 1024-க்கு மேலே ஒரு போர்ட்டை வைத்தால், அதே கணினியில் ரூட் உரிமை இல்லாத ஒருவன், சேவை விழுந்து எழும் சமயம் பார்த்து அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போலி வாசல் வைக்க முடியும். புதிதாக வருகிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். தீச்சுவர் விதிகளை எல்லா இடத்திலும் திருத்த வேண்டும். இவற்றைச் சொல்லியிருந்தால் அந்த மனிதர் உட்கார்ந்து பேசியிருப்பார். சொற்றொடரை வீசியதால் வாயை மூடிக்கொண்டார்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. இந்த ஏற்பாடு முழுவதும் நாளைக் காலைப் பேப்பரில் படத்தோடு வந்துவிட்டால், பத்து மணிக்குள் எதை மாற்றினால் பிழைப்போம் என்று கேட்டுக்கொள்வேன். ஒன்றும் மாற்ற வேண்டாம் என்றால் நிம்மதி. ஒரு சாவியை மாற்றினால் போதும் என்றாலும் சரி. எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்ட வேண்டும் என்று வந்தால், தயங்காமல் அந்தச் சொல்லை எடு.

இந்தக் கேள்வியைப் போட்டுப் பார்த்தால் சில விஷயங்கள் வேறு மாதிரி தெரியும். கூகுள் டாக்ஸில் இணைப்பு வைத்திருப்பவர்கள் பார்க்கலாம் என்று ஒன்றை அனுப்புகிறாய். அந்த நீள முகவரியை யாரும் ஊகிக்க முடியாது; ஆகவே அது சாவி வகையில் சேரும், அப்ஸ்க்யூரிட்டி என்று ஒதுக்குவது தப்பு. ஆனால் எதிர்ப்படுகிறவருக்கெல்லாம் அனுப்பப்படுகிற சாவி, உலாவியின் வரலாற்றில் படிந்து கிடக்கிற சாவி. அந்தக் குறையை அதன் பெயரால் சொல். அதே நேரத்தில் ரசீது எண் 1041 என்று முகவரியில் இருக்க, 1042 என்று மாற்றினால் அடுத்தவர் ரசீது வந்து நிற்கிற தளங்கள் இருக்கின்றனவே, அங்கே வைத்துச் சொல்லு உன் சொற்றொடரை, கை தட்டுகிறேன்.

கைரேகையைப் பார். அது சாவி மாதிரி நடிக்கிறது. போனால் மாற்ற முடியாது, தொட்ட இடத்திலெல்லாம் பதிந்து கிடக்கும். 2014-இல் ஜெர்மன் பாதுகாப்பு அமைச்சராக இருந்த உர்சுலா ஃபான் டெர் லயெனின் கட்டைவிரல் ரேகையைப் பொதுநிகழ்ச்சிப் புகைப்படங்களிலிருந்தே மறு உருவாக்கிக் காட்டினார் ஸ்டார்பக் என்ற புனைபெயர்க்காரர். ஆதாரில் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறதே, உங்கம்மாவுக்குச் செய்து கொடுத்தாயா?

மறைப்பு மட்டுமே முறையான ஆயுதமாகிற இடமும் உண்டு. 1944 ஜூன் 6-க்கு முன்னால் நேசப் படைகள் நார்மண்டியில் இறங்கப் போவதை மறைத்து, கலே பக்கம் இறங்கப் போவதாகப் போலி டாங்கிகளையும் பொய்ச் செய்திகளையும் வைத்து நம்ப வைத்தார்கள். அதை யாரும் செக்யூரிட்டி த்ரூ அப்ஸ்க்யூரிட்டி என்று கேலி பேசமாட்டார்கள். அந்த ரகசியம் சில வாரம் தாங்கினால் போதும், அதன் பின்னால் நிஜப் படை நின்றது. பத்து ஆண்டு புழங்கப் போகிற சில்லுக்கு அந்தச் சலுகை இல்லை.

இவ்வளவும் ஏன் எழுதுகிறேன் என்றால், போன தீபாவளிக்கு வந்தபோது மொட்டை மாடியில் நீ சொன்ன ஒன்று எனக்கு மறக்கவில்லை. உங்கள் செயலிக்குள்ளேயே, பணம் பரிமாறும் சேவையின் ரகசியச் சாவியை நிரலோடு நிரலாக எழுதி வைத்திருக்கிறார்கள், தரவிறக்குகிற ஒவ்வொரு கைப்பேசிக்கும் அதே சாவி போகிறது என்றாய். "யாரு மாமா அதைப் போய்ப் பிரிச்சுப் பார்க்கப் போறாங்க" என்று சிரித்தாய். செயலியின் ஏ.பி.கே. கோப்பைப் பிரிக்கிற கருவி இலவசமாகக் கிடைக்கிறது, அரை மணி நேர வேலை. வீட்டைப் பூட்டிச் சாவியை மீட்டர் பெட்டிக்குள் வைத்துவிட்டு ஊருக்குப் போகிற கதை அது. தெருவில் எல்லா வீட்டுக்கும் அதே சாவி என்பது மட்டும் கூடுதல். பேர் என்னவோ சாவிதான். எல்லாரிடமும் ஒன்றே, செயலியைப் புதுப்பிக்காமல் மாற்றவும் முடியாது என்று ஆன பிறகு அது அமைப்பின் ஒரு பகுதியாகிவிட்டது. நீ வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அது. போர்ட் எண்ணைப் பார்த்ததும் பாய்ந்தாய், இதைப் பார்த்துச் சிரித்தாய். ஒன்று கூட்டத்தில் பேர் வாங்கித் தரும், இன்னொன்று மேலிடத்தோடு மோத வைக்கும் என்பது எனக்கும் தெரியும், நானும் உத்தியோகம் பார்த்தவன்தான்.

அந்தச் சாவி சர்வர் பக்கம் போக வேண்டும், செயலிக்குக் கொஞ்ச நேரம் மட்டும் செல்லுபடியாகிற டோக்கன் வர வேண்டும், ஏற்கெனவே வெளியே போனது ரத்தாக வேண்டும். எப்படிச் செய்வது என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. திங்கட்கிழமை அந்த சக ஊழியரையே துணைக்கு அழைத்துக்கொள். போர்ட்டைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று தொடங்கினால் வருவார். மேலாளரிடம் எழுத்தில் கொடு, நகல் வைத்துக்கொள். எப்போது மாற்றப் போகிறார்கள் என்று தேதி வாங்கி எனக்கு எழுது.

அத்தை உன் சம்பள உயர்வைப் பற்றிக் கேட்கிறாள். அது ரகசியம் என்றால் ரகசியமாகவே இருக்கட்டும்.

அன்புடன்,
உன் மாமா